வீட்டிலேயே, சிம்பிளா!

"சிம்பிளா வீட்டிலேயே பண்ணிடலாம்" என்று உங்கள் வீட்டில் யாராவது வாயைத் திறந்தால், முதல் வேலையாகச் சொன்னவர் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் நான் அதைச் செய்யத் தவறினேன். சொன்னவர் என் கணவர். வெட்டியது, ஒட்டியது, சுட்டுக்கொண்டது எல்லாம் நான்.

எங்கள் பையனுக்கு இந்த மே மாதம் ஐந்து வயசு முடிந்தது. அலங்காரம் செய்து தருகிறவர்களிடம் சும்மா விலை விசாரித்தோம். பலூன் வளைவு, பின்னால் ஒரு திரை, பையன் பெயர் மின்னும் பலகை, எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். கேக் தனி, சாப்பாடு தனி. இவர் போனை வைத்துவிட்டு, "அநியாயமா இருக்கே! மூவாயிரத்துக்குள்ள வீட்டிலேயே முடிச்சிடலாம், சிம்பிளா" என்றார். நானும் தலையாட்டினேன். பொய் சொல்வானேன், எனக்கும் ஒரு நப்பாசை. ஸ்கூலில் சார்ட் வரைந்து பரிசு வாங்கியவள் நான். அதோடு, ஒரு பெண் நாலே நிமிஷத்தில் அட்டைப்பெட்டியை வெட்டிக் காடு, மலை, எரிமலை எல்லாம் செய்துவிடுகிற வீடியோவை ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்திருந்தேன். அந்த நாலு நிமிஷத்துக்குப் பின்னால் எத்தனை நாள் கிடக்கிறது என்பதை எடிட் செய்துவிடுகிறார்கள்.

நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் பிறந்தநாள் வந்ததுதானே? நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் ஓர் அர்ச்சனை. வீட்டில் கேசரி. ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரஸ். அதுவும் போன தீபாவளிக்கு எடுத்ததாகத்தான் இருக்கும். ஒரு சாக்லேட் பாக்கெட்டைத் தட்டில் கொட்டி, கூட ஒரு தோழியை உதவிக்கு அழைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய் வருவோம். பிள்ளைகளுக்கு ஒன்று, டீச்சருக்கு இரண்டு. இதற்கெல்லாம் தீம் கிடையாது.

இந்தத் தீம் என்கிற சமாச்சாரம்தான் எல்லா வினைக்கும் வேர். சும்மா பிறந்தநாள் என்றால் போன வருஷத்துக் கலர் தாள், நாத்தனார் வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய பலூன், கொலுவுக்கு வாங்கிய சீரியல் லைட் எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிடும். தீம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற ஒரு பொருளும் உதவாது. தட்டுக்கும் தொப்பிக்கும் பொருத்தம், தொப்பிக்கும் பேனருக்கும் பொருத்தம். எனக்கும் இவருக்கும் ஜாதகத்தில் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

முதலில் ஃபயர் எஞ்ஜின் என்றான். சரி, சிவப்பு. ஒரு வாரம் கழித்துச் சுறா மீன் என்றான். நீல நிறச் சார்ட் பேப்பர் பன்னிரண்டு வாங்கி வந்தேன். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு, "அம்மா, டைனோசர்" என்றான். நீலச் சார்ட் இன்றைக்கும் பீரோவுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது.

டைனோசர் என்றதும் இவருக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. இவர் குடும்பம் அரியலூர்ப் பக்கம். பையனை மடியில் உட்காரவைத்து ஆரம்பித்தார். "டேய், டைனோசர் நம்ம ஊர்க்காரன்டா! கல்லமேட்டுல எலும்பு எடுத்திருக்காங்க. பிருகத்காயோசாரஸ்னு பேரு. காலு எலும்பு ஒண்ணே ரெண்டு மீட்டர். உலகத்துலேயே பெரிய டைனோசர்கள்ல ஒண்ணா இருக்கலாம்னு சொல்றாங்க." விஷயம் உண்மைதான். 1980-களின் கடைசியில் புவியியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பெயர் வைத்து எழுதியது. வடமொழியில் பிருகத் என்றால் பெரிய, காயம் என்றால் உடல். ஆனால் அந்த எலும்புகள் தோண்டி எடுத்த பிறகு நொறுங்கிப்போய் இன்றைக்கு மிச்சமே இல்லை. படங்கள்தான் இருக்கின்றன. இதையும் இவர் சொல்லித் தொலைத்தார். பையன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உடைஞ்சுபோனது வேணாம். டி ரெக்ஸ்" என்றான். வட அமெரிக்காவில் வாழ்ந்த பிராணி. அதோடு உள்ளூர்ப் பற்று ஓய்ந்தது.

'பாரிமுனைக்குப் போனால் பாதி விலை' என்பார்கள் சென்னையில். ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பந்தர் தெருவுக்குப் போனேன். கத்திரி வெயில். தள்ளுவண்டிக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் நடுவில் ஒருக்களித்து நடக்கவேண்டிய தெரு. கடைப் பையன் நிமிர்ந்தே பார்க்காமல், "தீம் என்னக்கா?" என்றான்.

"டைனோசர்."

"ஜுராசிக்கா, குட்டி டைனோவா?"

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் எடுத்துப் போட்டான். ஒன்று பல்லைக் காட்டிக் கர்ஜிக்கிறது. இன்னொன்று வெளிர்பச்சையில் கன்னம் சிவந்து வெட்கப்படுகிறது. பல்லைக் காட்டுகிறதை எடுத்தேன். அதில் பேனர் உண்டு, கேக்கில் குத்துகிற டாப்பர் உண்டு, தொப்பி உண்டு, முகமூடி உண்டு. எது கேட்டாலும் ஒரே பதில்தான்: "சில்லறையா வராதுக்கா, பாக்கெட்டாத்தான்." எனக்கு வேண்டியது நாற்பது பலூன். கிடைத்தது நூறு நூறாக மூன்று பாக்கெட். விலை பாதிதான், அளவு ஏழரை மடங்கு. மொத்த விலைக் கடையில் மிச்சம் பிடிக்க, மொத்தமாகப் பிள்ளை பெற்றிருக்கவேண்டும்.

இதில் மனசாட்சி வேறு நடுவில் வந்து நிற்கும். தெர்மாகோலில் எரிமலை செய்யலாம் என்றிருந்தேன். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை செய்த பட்டியலில் அலங்காரத் தெர்மாகோல் இருக்கிறது, பலூனுக்குச் சொருகுகிற பிளாஸ்டிக் குச்சியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னாலேயே, 2019 ஜனவரி 1 முதல், பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டுக்கும் கப்புக்கும் தடை. நல்ல சட்டம்தான், குறையே சொல்லமாட்டேன். பாக்குமட்டைத் தட்டு வாங்கினேன். ஆனால் பாக்குமட்டையில் டி ரெக்ஸ் படம் போட்டு வராதே! பையன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எதுவுமே இல்ல" என்றான். நாற்பது தட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஸ்டிக்கரும் பாக்கெட்டாகத்தான் வரும்.

அட்டைப்பெட்டி ஓசியில் கிடைக்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். எந்த ஊரிலோ தெரியவில்லை. எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் பெட்டி ஒன்று 20 ரூபாய். "பழைய பேப்பர்காரன் குடுக்கிற ரேட்டுதான்மா, உங்ககிட்ட கூட வாங்கல" என்றார். ஆறு பெட்டி. அதை விரித்து, ஐந்தடி உயரத்துக்கு டி ரெக்ஸ் வரைந்து, ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வெட்ட உட்கார்ந்தேன். அட்டைக்குள் வரி வரியாக ஓடுகிறதே, அந்த வரிக்குக் குறுக்கே கழுத்து வரும்படி வெட்டிவிட்டேன். நிறுத்தியதும் தலை மெதுவாக, மிக மரியாதையாக, முன்னால் குனிந்தது. பின்னால் துடைப்பக் குச்சிகளை வைத்துக் க்ளூ கன்னால் ஒட்டினேன். குச்சியைவிட என் ஆள்காட்டி விரல்தான் நன்றாக ஒட்டியது. இன்னும் தழும்பு இருக்கிறது.

காலையில் அத்தை காப்பித் தம்ளரோடு வந்து நின்று பார்த்தார்கள். "உடும்பு நல்லா வந்திருக்கும்மா" என்றார்கள்.

இவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பலூன் ஊதினார். பம்ப்பில்தான். முதல் நாள் ராத்திரி ஊதிப் பால்கனிக் கதவோரம் குவித்து வைத்துவிட்டு, பெரிய சாதனையாகப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். மறுநாள் பத்து மணிக்கு வெயில் கதவு வழியாக உள்ளே வந்தது. ஒன்று வெடித்தது. அப்புறம் ஒன்று. பிறகு சரவெடி. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர், "என்னப்பா, தேர்தல் ரிசல்ட்டா?" என்று கேட்டபடி மாடிக்கு வந்துவிட்டார்.

கேக் கதையைச் சொல்லாமல் இருக்கவே விருப்பம். எங்களிடம் ஓவன் கிடையாது. குக்கரில் அடியில் உப்பைப் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடுகிற கேக்தான். அது ஒன்றும் மோசமில்லை, எனக்குக் கைவந்த வேலை. இரண்டு வட்டக் கேக் சுட்டேன். ஒன்றை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் க்ரீம் தடவி ஒட்டி, வெட்டின பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி வைத்தால் டைனோசர் முதுகு. இன்னொன்றில் வாலும் தலையும் காலும். அளவெல்லாம் சரியாகத்தான் வந்தது. க்ரீமில் பச்சைக் கலர் இரண்டு சொட்டு விட்டேன். பல்பொடி நிறம் வந்தது. இன்னும் நாலு சொட்டு. அப்போதும் காட்டுப் பச்சை வரவில்லை. கடுப்பில் பாட்டிலைக் கவிழ்த்தேன். அன்றைக்கு வந்த பிள்ளைகள் எல்லார் நாக்கும் மறுநாள் வரை பச்சையாகவே இருந்ததாம். ஓர் அம்மா டாக்டருக்குப் போன் பண்ணிவிட்டுத்தான் எனக்குப் பண்ணினார்.

ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்து இடம் பண்ணிக் கேக்கை உள்ளே வைத்தேன். மாவு அந்த வெயிலில் பொங்கி மேடையில் வழிந்தது தனிக் கதை. ஐந்து மணிக்கு விழா. நாலரைக்குக் கேக்கை வெளியே எடுத்து மேசையில் நடுநாயகமாக வைத்தேன். நாலே முக்காலுக்குக் கரண்ட் போனது. கேக்கை மறுபடி உள்ளே வைக்கலாம் என்றால், அதற்குள் அந்த இடத்தில் அத்தை இரண்டு பெரிய பாட்டில் ஜூஸைப் படுக்கவைத்திருந்தார்கள். ஃபேன் இல்லை. ஜன்னல் வழியாக அனல். க்ரீம் முதலில் பளபளத்தது. அப்புறம் வியர்த்தது. ஐந்து மணிக்கு வரச்சொன்ன விருந்தாளிகள், தமிழ் மரபுப்படி ஆறரைக்கு வந்து சேர்ந்தபோது, டி ரெக்ஸின் தலை முன்னங்காலில் போய் உட்கார்ந்திருந்தது. முதுகின் இரண்டு பாதியும் கருத்து வேற்றுமையில் பிரிந்திருந்தன.

இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவால்ல, பிருகத்காயோசாரஸ்னு சொல்லிடலாம்" என்றார். அந்த மனுஷனோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

பன்னிரண்டு பிள்ளைகளை அழைத்திருந்தோம். வந்தது பத்தொன்பது. அண்ணன், தங்கை, ஊரிலிருந்து லீவுக்கு வந்த சித்தி மகன் என்று எல்லோரும் உண்டு. பெரியவர்கள் கணக்கு தனி. வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. மே மாதத்தில் பிள்ளைகளை எங்கேதான் விட்டுவிட்டு வருவார்கள்? நானாக இருந்தாலும் அழைத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் பன்னிரண்டு என்று எண்ணி எண்ணிச் செய்துவைத்த பொருளை வைத்துக்கொண்டு பத்தொன்பது பேருக்கு நடுவில் நின்று பாருங்கள், தெரியும்.

புதைபடிவம் தோண்டுகிற விளையாட்டு ஒன்று ஏற்பாடு பண்ணியிருந்தேன். மைதா, உப்பு, காப்பித்தூள் போட்டுப் பிசைந்து, ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு குட்டி பிளாஸ்டிக் டைனோசரை வைத்து மூடி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தது. பார்க்க அசல் பாறை மாதிரியே இருந்தது. காக்காய்க்குக் காவல் வேறு. பிள்ளைகள் ஐஸ் குச்சியால் மெதுவாகச் சுரண்டிச் சுரண்டி, உள்ளே இருக்கிற பிராணியைக் கண்டுபிடித்து வியப்பார்கள் என்பது என் கற்பனை. முதல் பையன் உருண்டையை வாங்கிய வேகத்தில் தரையில் ஓங்கி அடித்தான். மொத்த விளையாட்டும் ஒரு நிமிஷம் நடந்திருக்குமா, சந்தேகம். டைனோசர் கிடைக்காத ஏழு பேரும் ஒரே சுருதியில் அழுதார்கள். தரையெல்லாம் காப்பித்தூள். கட்டெறும்பு எங்கள் வீட்டு விலாசத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது, இன்னும் மறக்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'டைனோசர் முட்டை' என்று அட்டை எழுதி வைத்துக் குழிப்பணியாரம். 'எரிமலைக் குழம்பு' என்று தக்காளிச் சட்னி. ஒரு பொடிப்பெண் குனிந்து முகர்ந்துபார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது பணியாரம்தானே?" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். எட்டுப் பணியாரம் சாப்பிட்டாள். அன்றைக்கு என்னை மனுஷியாக மதித்த ஒரே ஜீவன்.

விழாவில் செலவே இல்லாத ஒரே சங்கதி, மெழுகுவர்த்தி ஊதும்போது பாடுகிற அந்தப் பாட்டு. ஹில் சகோதரிகள் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் மழலையர் பள்ளிக்காகப் போட்டு, 1893-ல் அச்சான மெட்டு அது. அந்தப் பாட்டுக்கும் ஓர் இசைப் பதிப்பு நிறுவனம் காப்புரிமை கொண்டாடி, சினிமாவில் பாடினால் காசு வசூல் பண்ணிக்கொண்டிருந்தது. அந்த உரிமை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது 2015-ல். நல்லவேளை, நாங்கள் அதற்குப் பிறகு கல்யாணம் பண்ணிக்கொண்டோம்.

இனி ரிட்டர்ன் கிஃப்ட். இதை யார் ஆரம்பித்துவைத்தார்களோ, அவர்கள் வீட்டுக்கு நான் பச்சைக் கேக் அனுப்பக் கடமைப்பட்டவள். தாம்பூலம் கொடுத்து அனுப்புகிற ஊர்தான் நம்முடையது. ஒரு தேங்காய், இரண்டு வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி என்று அதற்கு ஓர் அளவு இருந்தது. இதற்கு அளவில்லை. போன வருஷம் எங்கள் பையன் போன விழாக்களில் தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ், உண்டியல், ஒரு வீட்டில் சின்ன டேபிள் ஃபேன்கூட வந்தது. நாங்கள் கொண்டுபோன பரிசைவிட அவர்கள் திருப்பிக் கொடுத்தது பெரிசு. வீடு திரும்பியதும் பையைப் பிரித்துப் பார்த்து, மனசுக்குள் விலை போட்டு வைத்துக்கொள்கிறோம். எல்லா அம்மாக்களும் போடுகிறார்கள், நான் உட்பட. அவரை விதையும் ஒரு சின்னத் தொட்டியும் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அத்தை உடனே சரி என்றார்கள். 'சிம்பிளா' என்று ஆரம்பித்துவைத்த மனுஷர், "நாலு பேரு என்ன நெனப்பாங்க?" என்றார். சிம்பிள் என்பது நம் வீட்டுக்குள்ளே, நாலு பேர் கண்ணில் படாத இடத்தில் மட்டும்தான் போலிருக்கிறது.

டைனோசர் படம் போட்ட பென்சில் பாக்ஸ், 85 ரூபாய் வீதம் பதினைந்து வாங்கினோம். நாலு குறைந்தது. வேறு வழி தெரியாமல், பையனுக்கு வந்த பரிசுகளிலேயே சிறிதாக நாலைப் பார்த்துப் பிரிக்காமல் பையில் போட்டு வாசலில் நீட்டினேன். கடைசிப் பை கை மாறுகிற நேரத்தில் பிறந்தநாள் நாயகன் பார்த்துவிட்டான். "அது என் கிஃப்ட்!" மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அதைவிடக் கொடுமை, அந்தப் பரிசைக் கொண்டுவந்த பையனே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு நின்றான். அவன் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே விடைபெற்றோம். இன்றைக்கு வரை பேச்சு இல்லை.

மறுநாள் பேனரை இறக்கினேன். டபுள் சைடு டேப்பைப் பிடித்து இழுத்தால், டேப்போடு சுவர்ப் பெயிண்ட்டும் உள்ளங்கை உள்ளங்கையாக வந்தது. ஹாலில் பதினான்கு இடம். வாடகை வீடு. ஓனர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அட்வான்ஸில் சொல்வார்.

கணக்குப் பார்த்தேன். சுவர் நீங்கலாக 9,640 ரூபாய். "பதினெட்டாயிரத்துக்குப் பாதிதானே ஆச்சு? லாபம்தானே!" என்றார் இவர். என் இரண்டு நாள் லீவு, ஐந்து ராத்திரித் தூக்கம், ஒரு விரல், ஒரு சிநேகிதம், இதெல்லாம் அந்த நோட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை. வீட்டிலேயே செய்தால் மிச்சம் என்று கணக்குச் சொல்கிற எல்லாருமே, செய்கிற கைக்குக் கூலி போடாமல்தான் கணக்குச் சொல்கிறார்கள். அலங்காரக்காரர் 18,000 கேட்டபோது கொள்ளை என்று திட்டினோமே, அந்த ஆளும் ராத்திரி முழுக்க உட்கார்ந்துதானே ஒட்டுவார்? அதுவரைக்கும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

பையன் அடுத்த வருஷத்துக்கு இப்போதே தீம் சொல்லிவிட்டான். ராக்கெட். அத்தை தன் பங்குக்கு, "எல்லாரும் பஸ் ஏறி அரியலூர் போவோம், வாரணவாசி புதைபடிவ மியூசியத்தில நிஜக் கல்லே பார்க்கட்டும், கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டு வருவோம்" என்கிறார்கள். நான் அத்தை கட்சி. இவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கத்தரிக்கோல் தயாராக இருக்கிறது.

உங்களில் யாராவது வரப்போகிற மாதங்களில் டைனோசர் தீம் வைக்கப்போகிறீர்களா? எங்கள் பரணில் நூறு பலூனுக்குக் குறையாது. பம்ப் இருக்கிறது, பதினெட்டுத் தொப்பி இருக்கிறது, ஸ்டிக்கர் ஒரு கட்டு இருக்கிறது. ஐந்தடி உடும்பும் இருக்கிறது. தலை மட்டும் கொஞ்சம் தொங்கும். வந்து எடுத்துக்கொண்டு போங்கள், காசு வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்: விழாவுக்கு எங்களை அழைத்தால், கிளம்பும்போது கையில் பை எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.